பாக்கெட் கத்தி வாங்கும்போது எந்த நாட்டில் செய்தது என்று பார்க்க வேண்டுமா?

முதன்முதலாக மடக்குக் கத்தி வாங்கக் கிளம்புகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் "இது சைனாவா, சுவிஸ்ஸா, ஜெர்மனியா?" என்பதுதான். ஸ்டீல் என்ன, திறந்த பிளேடு மடங்காமல் பிடித்து நிறுத்தும் லாக் எப்படி, பிடி கைக்கு அடங்குமா என்பதெல்லாம் அப்புறம்தான் வரும். நாட்டைப் பார்க்கத்தான் வேண்டும், நான் மறுக்கவில்லை. ஆனால் பார்க்க வேண்டிய வரிசையில் அது முதலில் வராது. ஒரு கத்தி நன்றாக வெட்டுமா, கூர் நிற்குமா என்பதை முடிவு செய்வது அந்த ஸ்டீலை எந்தத் தொழிற்சாலை எவ்வளவு கவனமாகச் சூடாக்கிக் குளிரவைத்துப் பதம் போட்டது, பிளேடை எவ்வளவு மெல்லியதாகத் தீட்டியது என்பவைதான். கத்தியில் போட்டிருக்கும் ஊர்ப் பெயரைச் சட்டம் காக்கிறதா, போலி எவ்வளவு புழங்குகிறது, கெட்டுப்போனால் யாரிடம் போய்க் கேட்பது, கொடுக்கும் பணத்தில் எவ்வளவு கூலிக்குப் போகிறது என்ற கேள்விகளுக்குத்தான் நாட்டின் பெயர் பதில் சொல்லும். இரண்டையும் குழப்பிக்கொண்டால் காசு வீணாகும்.

1. எதற்கு வாங்குகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

பழம் நறுக்க, பார்சல் பிரிக்க, கயிறு அறுக்க, செடியில் ஒரு கிளையை வெட்ட, இவ்வளவுதான் முக்கால்வாசிப் பேருக்குத் தேவை. அதற்கு ஆறிலிருந்து எட்டரை சென்டிமீட்டர் பிளேடு தாராளம். பழம், காய்க்கு மெல்லிய பிளேடு வேண்டும், தடித்த பிளேடு ஆப்பிளை நறுக்காது, பிளக்கும். அட்டைப்பெட்டி நிறைய வெட்டுகிறவருக்குக் கூர் நிற்கும் ஸ்டீல் முக்கியம்.

நீங்கள் இருக்கும் ஊரையும் கணக்கில் எடுங்கள். சென்னை, நாகப்பட்டினம், யாழ்ப்பாணம், சிங்கப்பூர் மாதிரி கடற்காற்று அடிக்கும் இடங்களில் கார்பன் ஸ்டீல் கத்தியைத் துடைக்காமல் வைத்தால் மறுநாளே புள்ளிப்புள்ளியாகத் துரு தெரியும். பிரான்ஸின் ஒப்பினெல் கத்தியில் கார்பன், ஸ்டெயின்லெஸ் என்று இரண்டு வகையும் கிடைக்கிறது. கார்பன் பிளேடில் ஒரு எலுமிச்சம்பழத்தை வெட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் வைத்துப் பாருங்கள், சாறு பட்ட இடம் சாம்பலும் நீலமுமாக மாறியிருக்கும். அது கெடுதல் இல்லை, நாளாக ஆக அந்தப் படலமே சிவப்புத் துருவைக் கொஞ்சம் தடுக்கும். ஆனால் துடைத்துத் துடைத்து வைக்கும் பழக்கம் இல்லாதவர்கள் ஸ்டெயின்லெஸ் எடுப்பதே நல்லது. எந்த நாட்டுக் கத்தி என்பதைவிட இந்த ஒரு தேர்வு உங்கள் அன்றாடத்தை அதிகம் பாதிக்கும்.

2. உண்மையில் எங்கே செய்தது என்று கண்டுபிடியுங்கள்

விளம்பரப் படத்தில் இருக்கும் கொடியை நம்பாதீர்கள். கத்தியைத் திறந்து, பிளேடு பிடியோடு சேரும் அடிப்பாகத்தைப் பாருங்கள். சுவிட்சர்லாந்தின் விக்டோரிநாக்ஸ் கத்தியில் அந்த இடத்தில் கம்பெனி பெயரும் "சுவிஸ் மேட்" என்றும் பொடி எழுத்தில் அடித்திருக்கும். அமெரிக்காவின் ஸ்பைடர்கோ கம்பெனி எந்த ஊரில் செய்ததோ அதை ஒளிக்காமல் பிளேடிலேயே போடுகிறது: கொலராடோவின் கோல்டன், ஜப்பானின் செகி, தைவானின் தைச்சுங், சைனா. இப்படி வெளிப்படையாகப் போடுகிற கம்பெனி மேல் எனக்கு நம்பிக்கை கூடுதல்.

வார்த்தைகளைக் கவனமாகப் படியுங்கள். "ஜெர்மன் ஸ்டீல்" என்றால் ஸ்டீல்தான் ஜெர்மனி, அல்லது ஜெர்மன் தரக்குறியீட்டில் உள்ள ஸ்டீல், கத்தி வேறெங்கோ செய்ததாக இருக்கலாம். "டிசைன்ட் இன் யுஎஸ்ஏ" என்றால் வரைபடம் அங்கே, வேலை இன்னொரு நாட்டில். "சுவிஸ் ஸ்டைல்" என்பதற்கு அர்த்தமே கிடையாது.

இந்தியாவில் ஆன்லைனில் வாங்குகிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. இறக்குமதிப் பொருளுக்கு எந்த நாட்டில் செய்தது என்பதைப் பொருளின் பக்கத்திலேயே காட்ட வேண்டும் என்று விதி இருக்கிறது. கீழே இறங்கிப் போனால் விவரப் பட்டியலில் "கன்ட்ரி ஆஃப் ஆரிஜின்" என்ற வரி இருக்கும். பெட்டி கைக்கு வந்ததும் அதில் ஒட்டிய ஸ்டிக்கரில் இறக்குமதி செய்தவர் பெயர், முகவரி இருக்கிறதா என்று பாருங்கள். பக்கத்தில் ஒன்று, பெட்டியில் ஒன்று, பிளேடில் ஒன்று என்று மூன்றும் வேறுவேறாக இருந்தால் யோசிக்காமல் திருப்பி அனுப்புங்கள்.

"மேட் இன்" என்று போடும் பழக்கம் பரவியதற்கே கத்தி வியாபாரம் ஒரு பெரிய காரணம். 19ஆம் நூற்றாண்டில் கத்தி என்றால் இங்கிலாந்தின் ஷெஃபீல்டுதான். ஜெர்மனியின் சோலிங்கன் பக்கத்திலிருந்து மலிவான கத்திகள் ஷெஃபீல்டு பெயர் அடிக்கப்பட்டே சந்தைக்கு வந்தன. ஷெஃபீல்டு தொழிலாளர்களும் முதலாளிகளும் சண்டை போட்டார்கள், 1887இல் பிரிட்டன் வணிகக் குறிச் சட்டம் கொண்டுவந்தது. வெளிநாட்டுச் சரக்கில் எங்கே செய்தது என்று போட வேண்டிய நிலை வந்தது அதிலிருந்துதான். அதாவது "மேட் இன் ஜெர்மனி" என்பது முதலில் "ஜாக்கிரதை, இது மட்டச் சரக்கு" என்று வாங்குகிறவரை எச்சரிக்க வந்த முத்திரை. கொஞ்ச காலத்தில் ஜெர்மன்காரர்கள் தரத்தை உயர்த்தி, அதே முத்திரையைப் பெருமைக்குரியதாக்கிவிட்டார்கள். இன்று "சைனா" என்று பார்த்ததும் முகம் சுளிப்பவர்கள் இந்தக் கதையைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

3. பிராண்டு வேறு, நாடு வேறு

புதிதாக வருகிறவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். போக்கர் என்றால் சோலிங்கன், ஜெர்மனி என்று நினைத்துக்கொள்வார்கள். போக்கர் மான்யுஃபாக்டூர் என்ற வரிசை சோலிங்கனில் செய்வதுதான். ஆனால் அதே கம்பெனியின் போக்கர் பிளஸ் வரிசையில் பெரும்பாலானவை ஆசியாவில் செய்தவை, மேக்னம் வரிசை சைனா, ஆர்போலிட்டோ அர்ஜென்டினா. நான்கிலும் போக்கர் பெயர் இருக்கும், விலையில் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். இதில் மோசடி எதுவும் இல்லை, கம்பெனி திறந்த மனதோடுதான் சொல்கிறது. கடைக்காரர் "சார், ஜெர்மன் கத்தி" என்று மேக்னத்தை எடுத்து நீட்டும்போதுதான் பிரச்சனை.

பழைய பெயர், புதிய கை என்று இன்னொரு வகை. அமெரிக்காவின் ஷ்ரேட் கம்பெனி 2004இல் தொழிற்சாலையை மூடிவிட்டது. பெயரை வேறொரு கம்பெனி வாங்கியது, அதற்குப் பிறகு அந்தப் பெயரில் வந்தவை பெரும்பாலும் சைனாவில் செய்தவை. கமிலஸ் கதையும் இப்படித்தான், 2007இல் தொழிற்சாலை மூடியது, பெயர் விற்கப்பட்டது. தாத்தா வைத்திருந்த கத்தியின் பெயரைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்குகிறவர்கள், அதைச் செய்த ஆட்கள் இப்போது அங்கே இல்லை என்பதைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும்.

சுவிஸ் ராணுவக் கத்தியையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ராணுவத்துக்கு முதலில் போன கத்திகள் சோலிங்கனில் செய்தவை! அந்த அளவுக்கு உற்பத்தி செய்ய அப்போது சுவிட்சர்லாந்தில் ஆள் இல்லை. கார்ல் எல்ஸெனர் என்பவர் 1884இல் தொடங்கிய பட்டறைதான் 1891இல் முதன்முதலாக உள்நாட்டிலேயே செய்து ராணுவத்துக்குக் கொடுத்தது, பின்னாளில் அதுதான் விக்டோரிநாக்ஸ் ஆனது. இன்றுவரை இபாக் என்ற ஊரில்தான் அந்தக் கத்திகளைச் செய்கிறார்கள்.

4. ஸ்டீலின் பெயரையும் பதத்தையும் கேளுங்கள்

எந்த நாட்டுக் கத்தி என்று கேட்பவர்கள் அந்த ஸ்டீல் எந்த நாடு என்று கேட்பதில்லை. பிரெஞ்சுக் கத்தியான ஒப்பினெலின் ஸ்டெயின்லெஸ் பிளேடு ஸ்வீடன் ஸ்டீல், 12சி27 என்று பெயர். சைனாவில் செய்யும் சிவிவி போன்ற பிராண்டுகளின் பல கத்திகளில் இருப்பதும் ஸ்வீடனின் 14சி28என்தான். ஒன்றைப் பிரெஞ்சு என்றும் இன்னொன்றைச் சைனா என்றும் சொல்கிறோம், பிளேடு இரண்டும் ஒரே நாட்டு உலையிலிருந்து வந்தது.

ஆனால் ஸ்டீலின் பெயர் பாதிக் கதைதான். நம் ஊர்க் கொல்லரைக் கேட்டால் மீதியைச் சொல்வார், எல்லாம் பதத்தில் இருக்கிறது. ஸ்டெயின்லெஸ் பிளேடு என்றால் 1000 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி, வேகமாகக் குளிரவைத்து, பிறகு குறைந்த சூட்டில் மறுபடி வைத்து எடுப்பார்கள். இதில் சூடு சற்றுத் தவறினாலும் நல்ல ஸ்டீல் வீணாகப் போகும், ஒன்று மொக்கையாகும், இல்லையென்றால் முனை உடையும். அமெரிக்காவின் பக் 110 இதற்கு நல்ல உதாரணம். 1960களிலிருந்து வரும் மாடல், 420எச்சி என்ற சாதாரண ஸ்டீல், காகிதத்தில் பார்த்தால் யாரும் மதிக்க மாட்டார்கள். பதம் போடுவதில் காட்டும் கவனத்தால் அது வெட்டும் விதம் வேறு. அதே 420 குடும்பத்து ஸ்டீலில் பேர் தெரியாத பட்டறை செய்த கத்தி ஒரு வாரத்தில் மழுங்கும்.

கடினத்தன்மையை ராக்வெல் எண்ணில் சொல்வார்கள். விக்டோரிநாக்ஸ் 56 பக்கம், வேண்டுமென்றே மிதமாக வைக்கிறார்கள், சீக்கிரம் மழுங்கும், ஆனால் சாதாரணக் கல்லில் இரண்டு நிமிடத்தில் கூர் திரும்பிவிடும். ஸ்பைடர்கோவின் டெலிகா மாடல் செகியில் விஜி-10 ஸ்டீலில் செய்தது, 60 பக்கம் இருக்கும், கூர் நீண்ட நாள் நிற்கும், தீட்டப் பொறுமை வேண்டும். சாணை பிடிக்கத் தெரியாதவர் முதல் கத்தியிலேயே கடினமான ஸ்டீலுக்குப் போக வேண்டாம் என்பது என் கருத்து.

டி2 என்று நிறைய மலிவுக் கத்திகளில் போட்டிருக்கும். கூர் நன்றாக நிற்கும் ஸ்டீல்தான், ஆனால் முழு ஸ்டெயின்லெஸ் இல்லை. கடலோர ஊர்க்காரர்கள் லேசாக எண்ணெய் தடவி வைக்க வேண்டும்.

5. கையில் எடுத்துப் பாருங்கள்

இந்த வேலைக்கு ஐந்து நிமிடம் போதும், ஆனால் எந்த நாட்டு முத்திரையைவிடவும் இது அதிகம் சொல்லும். கத்தியை மூடிய நிலையில் மேலிருந்து பாருங்கள். பிளேடு இரண்டு பக்கத் தகடுகளுக்கும் நடுவில் இருக்க வேண்டும், ஒரு பக்கம் சாய்ந்து உரசினால் நாளடைவில் கீறல் விழும். மெதுவாகத் திறங்கள், மணல் அரைபடுகிற மாதிரி நறநறவென்று இருந்தால் உள்ளே தூசோ சீரில்லாத வேலையோ இருக்கிறது. முழுதாகத் திறந்தபின் பிளேடின் முதுகை இரண்டு விரலால் பிடித்து இடம் வலம், மேல் கீழ் அசைத்துப் பாருங்கள். இடம் வலம் மயிரிழை அசைவு என்றால் திருகாணியைச் சற்று இறுக்கினால் போய்விடும், மேல் கீழ் ஆடினால் லாக் சரியில்லை, வாங்காதீர்கள்.

உள்தகடு நகர்ந்து வந்து பிளேடைத் தாங்குகிற லைனர் லாக் வகை என்றால், அந்தத் தகடு பிளேடின் அடியில் எவ்வளவு தூரம் ஏறி நிற்கிறது என்று பாருங்கள். ஓரத்தில் மட்டும் தொட்டுக்கொண்டு நின்றால் அழுத்தும்போது நழுவி விரலில் மடங்கும் ஆபத்து உண்டு. புதுக் கத்தியிலேயே எதிர்ப்பக்கம் வரை போய்விட்டதென்றால் தேய இடம் இல்லை. கால்வாசியைத் தாண்டி, பாதிக்குள் நிற்பதுதான் நல்லது.

கடைசியாக ட்யூப்லைட்டுக்குக் கீழே போங்கள். கூர் உங்களைப் பார்க்கிற மாதிரி கத்தியைப் பிடித்து, அடியிலிருந்து நுனிவரை மெல்லச் சாய்த்துப் பாருங்கள். சரியாகத் தீட்டிய கூரில் வெளிச்சம் நிற்காது, கறுப்புக் கோடாகத்தான் தெரியும். எங்காவது பளிச்சென்று ஒரு புள்ளியோ கோடோ மின்னினால் அந்த இடம் மழுங்கியோ மடிந்தோ இருக்கிறது. சின்ன மினுக்கம் என்றால் வீட்டில் சரி செய்யலாம். நுனிவரை மின்னினால் அந்தத் தொழிற்சாலையில் யாரும் கடைசியாக ஒருமுறை பார்க்கவில்லை என்று அர்த்தம். இந்தச் சோதனையில் தேறும் சைனாக் கத்திகளும் உண்டு, தேறாத ஐரோப்பியக் கத்திகளும் உண்டு.

6. நாடு உண்மையிலேயே முக்கியமாகும் இடங்கள்

முதலாவது, சட்டம் காக்கும் பெயர்கள். காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கிற மாதிரி சோலிங்கன் என்ற பெயருக்கு ஜெர்மனியில் தனிச் சட்டப் பாதுகாப்பே உண்டு. முக்கியமான உற்பத்தி வேலைகள் எல்லாம் அந்தப் பகுதியிலேயே நடந்திருந்தால்தான் பெயரைப் போடலாம். ஆகவே நம்பகமான கடையில் வாங்கிய கத்தியில் "சோலிங்கன்" என்று இருந்தால் அதற்கு ஒரு பொருள் இருக்கிறது. இதற்கு நேர் எதிர், பிரான்ஸின் லாகியோல். அது ஒரு கிராமத்தின் பெயர், ஆனால் வெகுகாலமாக ஒரு கத்தி வடிவத்தின் பொதுப்பெயராகப் புழங்கிவிட்டது, முதுகில் ஈ மாதிரி ஒரு உருவம் வைத்து யார் வேண்டுமானாலும் செய்கிறார்கள். நல்ல லாகியோலில் செய்தவர் பெயரோ பட்டறை பெயரோ தனியாக இருக்கும். வெறும் "லாகியோல்" என்று மட்டும் இருந்தால் பிரான்ஸை நினைத்துக் காசு கொடுக்காதீர்கள்.

இரண்டாவது, போலி. விக்டோரிநாக்ஸ், ஸ்பைடர்கோ போன்ற பெயர்களுக்குத்தான் போலி அதிகம். பாதி விலைக்கு "ஒரிஜினல் சுவிஸ்" என்று யாராவது விற்றால் அது ஒரிஜினல் இல்லை, அவ்வளவுதான். சிவப்புப் பிடி, சிலுவைக் கேடயம் மட்டும் போதாது, பிளேடின் அடியில் இருக்கும் எழுத்து தெளிவாக, ஆழமாக, நேராக இருக்க வேண்டும். கத்தரிக்கோலும் டின் ஓப்பனரும் ஒவ்வொன்றும் தனித்தனியே சொடுக்கென்று திறந்து சொடுக்கென்று மூட வேண்டும். அந்தச் சத்தமும் இறுக்கமும் போலியில் அமைவது கஷ்டம்.

மூன்றாவது, உத்தரவாதம். விக்டோரிநாக்ஸ் பொருளிலும் வேலைப்பாட்டிலும் குறை இருந்தால் ஆயுள் முழுக்கப் பொறுப்பேற்கிறது. அமெரிக்கக் கம்பெனிகள் பலவும் அப்படித்தான். ஆனால் கத்தியைக் கூரியரில் வெளிநாட்டுக்கு அனுப்பித் திருப்பி வாங்குவது பெரிய வேலை, செலவும் ஆகும். இந்தியாவில் சர்வீஸ் இருக்கிறதா என்று வாங்கும் முன்பே கேளுங்கள்.

நான்காவது உங்கள் மனசு. தலைமுறை தலைமுறையாக ஒரே ஊரில் இந்தத் தொழிலைச் செய்யும் பிரான்ஸின் தியேர், இத்தாலியின் மனியாகோ, ஜப்பானின் செகி ஆட்களுக்குக் காசு போகட்டும் என்று நினைத்து வாங்குகிறவர்களை நான் மதிக்கிறேன். நல்ல கூலி, பாதுகாப்பான பட்டறை என்று பார்த்து வாங்குவதும் நியாயமான காரணம். ஆனால் அப்போது உங்கள் காசு எங்கே போகிறது என்று தெரிந்து கொடுங்கள், அந்தக் கூடுதல் விலை கூடுதல் கூருக்காக இல்லை.

7. சட்டம்

இந்தியாவில் ஆயுத விதிகளின்படி 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள பிளேடு, வீட்டு, விவசாய வேலைக்கான கருவியாக இல்லாதபட்சத்தில், கட்டுப்பாட்டுக்குள் வரும். சாதாரண பாக்கெட் கத்தி அந்த அளவை நெருங்காது. பட்டனை அழுத்தினால் தானாகத் திறக்கும் ஸ்பிரிங் கத்தி வேண்டவே வேண்டாம், அது இன்னும் சின்ன அளவிலேயே சிக்கலில் மாட்டிவிடும், வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்கத்திலேயே நின்றுவிடலாம். விமானத்தில் கைப்பையில் எடுத்துப் போக முடியாது, செக்-இன் பெட்டியில் வையுங்கள். லண்டன் பக்கம் இருப்பவர்கள், காரணம் இல்லாமல் கையில் வைத்திருக்க அனுமதி உள்ளது 3 அங்குலத்துக்கு மேற்படாத, லாக் இல்லாத மடக்குக் கத்திக்கு மட்டும்தான் என்பதை நினைவில் வையுங்கள். ஒப்பினெலில் எட்டாம் நம்பர் அளவுக் கத்திக்குப் பூட்டும் வளையம் உண்டு, பிளேடும் எட்டரை சென்டிமீட்டர், அதனால் அங்கே அது இந்த விலக்குக்குள் வராது.

8. சரி, எதை வாங்குவது?

முதல் கத்தி என்றால் இரண்டு கருவிகளோ ஐந்து கருவிகளோ உள்ள சின்ன விக்டோரிநாக்ஸ். சுவிஸ் என்பதால் சொல்லவில்லை. இயந்திரங்களை வைத்துப் பெரிய அளவில் செய்வதால் அந்தத் தரம் அந்த விலைக்குக் கிடைக்கிறது, தீட்டவும் எளிது. சமையல், பழம்தான் முக்கியம் என்றால் ஸ்டெயின்லெஸ் ஒப்பினெல், அதன் மரப்பிடி மழைக்காலத்தில் உப்பித் திறக்கக் கஷ்டப்படுத்தும், அதை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு கையால் திறந்து மூட, பாக்கெட்டில் கிளிப் போட்டு வைக்க வேண்டும் என்றால் 14சி28என் ஸ்டீலில் வரும் சைனாக் கத்திகளைத் தைரியமாகப் பாருங்கள், பெயர் போட்டு, ஸ்டீல் போட்டு, பொறுப்பேற்கும் பிராண்டாக இருக்க வேண்டும். இணையத்தில் மலிவு விலைக்குக் கிடைக்கும், அலையலையாகக் கோலம் தெரிகிற "டமாஸ்கஸ்" கத்திகளை முதல் கத்தியாக எடுக்காதீர்கள். எந்த இரண்டு ஸ்டீல்களைச் சேர்த்தது, எப்படிப் பதம் போட்டது என்று செய்தவரே எழுதித் தராத வரை அந்தக் கோலத்துக்கு மட்டும்தான் காசு.

வாங்கியபின் திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் ஒரு வாரம் நன்றாக வேலை கொடுங்கள், தக்காளி, அட்டைப்பெட்டி, கயிறு, எல்லாம். தினமும் ராத்திரி ட்யூப்லைட் சோதனையை ஒருமுறை செய்யுங்கள், கூர் எங்கே எவ்வளவு சீக்கிரம் மின்னத் தொடங்குகிறது என்று தெரியும். அந்த ஒரு வாரம் மட்டும் கல்லில் தீட்டாதீர்கள், தீட்டிய தடம் தெரிந்தால் எந்தக் கடையும் திருப்பி எடுக்காது.